கால் வைக்காத பெடல்

அன்புள்ள அக்காவுக்கு உன் தங்கை எழுதுவது.

இங்கே நான் நலம் என்று எழுதாமல் எந்தக் கடிதத்தையும் தொடங்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, முனைக் கடையில் உட்கார்ந்து பேப்பர் முழுவதையும் படித்து முடித்து, குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு வியர்த்தவரைப் போலத் திரும்பி வருவது இன்னும் நடக்கிறதா? அவருக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் காட்டாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். "அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. தனியா அந்த வீட்ல யாரோட பேசிட்டு உக்காந்திருக்க? காலி பண்ணிட்டு இங்க வந்துடு" என்று மாதம் ஒரு முறை நீ சொல்வாய். பார்க்கலாம் என்று மாதம் ஒரு முறை நான் சொல்வேன். இப்போது பார்த்துவிட்டேன். வருகிறேன். அத்தானுடைய நண்பரின் வேனை அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வை. சாமான் அதிகமில்லை. பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், அப்புறம் உன் மகளின் டிரம்ஸ். அதை வேனில் ஏற்றுவதா, வழியில் எங்காவது இறக்கிவிட்டு வருவதா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே சொல். காரணத்தைப் போனில் சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பின்னாலிருந்து அத்தான் சிரிப்பார். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அந்த டிரம்ஸ் என் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். "இந்த வீட்ல ஒன்னு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அத்தான் சொன்னார். உன் மகள் முடிவு சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துப் பயந்துபோய் நீதான் அதை என்னிடம் அனுப்பினாய். அவள் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு ஒரு வருஷம் முன்னறை மூலையில் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. விரிப்பைத் துவைக்க எடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு தட்டு தட்டினேன், அவ்வளவுதான் ஆரம்பம். அதில் தோலும் இல்லை, மரமும் இல்லை அக்கா. ரப்பர் தட்டுகள், காலால் மிதிக்க ஒரு பெடல், எல்லாக் கம்பியும் போய்ச் சேருகிற ஒரு சின்னப் பெட்டி. தட்டுக்கு அடியில் ஒரு வில்லை இருக்கிறது, அது அதிர்வை உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ஹெட்போனில் முழங்கும். என் காதுக்குள் ஓர் அரங்கமே அதிரும். வெளியே இருப்பவர்களுக்கு ரப்பரில் குச்சி படுகிற டொக் டொக் மட்டும். எதிர்வீட்டு டீச்சர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெங்காயம் நறுக்குறீங்களே, தனி ஆளுக்கு எதுக்குங்க அவ்வளவு?" என்று கேட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் வாசலில் நின்று காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் வரலைங்கிறதால விடுறேன்" என்று வருத்தத்தோடு படியிறங்கிப் போனார்.

பத்தொன்பது வருஷமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். காது கிளினிக்கில் ஒருவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே இருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். சிலர் நான் எதையும் அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே கேட்டதாக நினைப்பார்கள். பெரும்பாலும் தனியாக இருப்பவர்கள். அவர்கள் அழுத்தும்போது அந்த முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வரும். நான் அதைப் பார்த்தபடியே தாளில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். பகலெல்லாம் பிறர் காதுக்குச் சத்தம் அனுப்புகிறவளுக்குத் தன் காதில் மட்டும் விழுகிற சத்தம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது போல. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஏழு வரைக்கும் டிரம்ஸ்தான். உன் மகள் வீடியோவில் சொல்லிக்கொடுக்க, நாலு தாளம் கற்றுக்கொண்டேன். அவளும் அவள் தோழிகளும் செய்கிற பாட்டுகளை டிரம்ஸ் இல்லாமல் எனக்கு அனுப்புவாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே வாசித்து லேப்டாப்பில் பதிவு செய்து திருப்பி அனுப்புவேன். பெட்டியிலிருந்து ஒரு கம்பி லேப்டாப்புக்குப் போகும். ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு குட்டிச் செங்கல் மாதிரி விழும். எந்தத் தட்டு, எந்த நொடி, எவ்வளவு பலம் என்று நூற்றிருபத்தேழுக்குள் ஓர் எண்ணோடு எல்லாம் பதிவாகும். அடித்தது யார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

போன மாதம் உன் மகள் கூப்பிட்டாள். "சித்தி, சூப்பரா வந்திருக்கு. ரெண்டாவது வரி முடியுற எடத்துல கால்ல மெதுவா ரெண்டு போட்டிருக்கீங்கல்ல, அத நான் சொல்லியே தரலையே, எங்க புடிச்சீங்க?"

"நான் எதுவும் போடலடி."

"அடக்கமெல்லாம் வேணாம் சித்தி."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு செங்கற்கள். பலம் பன்னிரண்டு, பதிமூன்று. என் கால் அந்த அளவுக்கு மெதுவாக மிதிக்காது. மிதிக்கத் தெரிந்தால் நான் ஏன் உன் மகளிடம் திட்டு வாங்குகிறேன்? பழைய பதிவுகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருந்தது அக்கா. நான் நிறுத்துவேன், ஒரு மூச்சு விடுகிற நேரம் போகும், தும் தும். ஒரு நாள் பதிவை நிறுத்த மறந்து டீ போடப் போயிருக்கிறேன். நான் அடுக்களையில் நின்ற பதினொரு நிமிஷத்தில் ஆறு தடவை. மறுநாள் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு கால்களையும் ஸ்டூலின் குறுக்குக் கட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமல் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் நல்ல வெளிச்சம். பெடல் அசையவில்லை. பெடலுக்கான முரசு மட்டும் என் காதுக்குள் ஒலித்தது. தும் தும்.

நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று தெரியும். அவரோ என்று நினைக்கிறாய். நானும் நினைத்தேன், அரை நாள். அவராக இருக்காது. உயிரோடு இருந்தபோதே காலிங் பெல்லை அழுத்த ரெண்டு தடவை யோசிப்பார், தொந்தரவா இருக்குமோ என்று வாசலில் நின்று இருமுவார். கதவைக்கூடக் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரிதான் சாத்துவார். அந்த மனுஷன் ரெண்டு வருஷம் கழித்து வந்து டிரம்ஸ் தட்டுவாரா? ஒருமுறை இருமல் சத்தம் பதிவாகியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முன்னறை விளக்கை இரவெல்லாம் எரியவிட ஆரம்பித்தேன். அவராக இருந்தால் சண்டையாவது போடலாம். இது யாரென்றே தெரியாதவர்.

டிரம்ஸ் கம்பெனி சர்வீஸ்காரரைப் போனில் பிடித்தேன். "அதுங்களா மேடம், ஒரு தட்டுல அடிக்கிற அதிர்வு இன்னொன்னுக்குத் தாவும். பெட்டியில சென்சிட்டிவிட்டியக் கம்மி பண்ணுங்க, போயிடும்."

"நான் எதையுமே அடிக்காம உக்காந்திருக்கேங்க."

"அப்ப தரையில ஏதாவது அதிருதா பாருங்க."

"தரை எதுக்குங்க அதிரும்?"

"மேடம், நாங்க தரைக்கு சர்வீஸ் பண்றதில்ல."

அவர் சொன்னபடி குறைத்தேன். பெட்டி மந்தமாகிவிட்டதால் நானும் பெடலை ஓங்கி மிதிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் எதுவும் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தது. பலம் நாற்பத்தொன்று. நான் காதைப் பொத்திக்கொண்டது தெரிந்து குரலை உயர்த்திய மாதிரி. இன்னும் குறைத்தேன், ஐம்பத்தாறு ஆயிற்று. அதற்கு மேல் குறைக்க எனக்குத் தைரியம் இல்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று பெடலை நாலு தடவை மிதித்துக் காட்டிவிட்டு விலகி நின்றேன். அவர் தலையை ஆட்டி ரசித்தார், "நல்லா இருக்கு மேடம், அந்தக் கடைசி ரெண்டு" என்று சொன்னவர் என் காலைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், ஹெட்போனை மெதுவாகக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தார். "இது கரண்ட் பிரச்சனை இல்ல மேடம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போனவர் டெஸ்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். போன் பண்ணினால், "நீங்களே வச்சுக்குங்க, என்கிட்ட இன்னொன்னு இருக்கு" என்கிறார்.

தரை என்று சர்வீஸ்காரர் சொன்னதை நான் விட்டுவிடவில்லை. தரைக்குக் கீழே சர்வேயர் வீடு. ரிட்டயர் ஆனவர், மனைவி போன வருஷம் தவறிப்போனார், அவரும் தனி ஆள். கல் குவாரிகளில் வெடி வைக்கிற இடத்திலேயே இருபது வருஷம் நின்று அளந்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். படியில் பார்த்தால், "சாப்டாச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார், பதில் கேட்காது என்பதால் நிற்காமல் போய்விடுவார். அவரைச் சோதித்து அறிக்கை எழுதியதே நான்தான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து மெஷினின் உச்ச அளவு வரை அனுப்பினேன், அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் கீழிருந்து யாராவது தட்டுகிறார்கள் என்றால் அது இந்தக் கட்டிடத்தில் எவராகவும் இருக்கலாம், அவராக மட்டும் இருக்க முடியாது. என் கையெழுத்தே சாட்சி. அவர் பெயரை அடித்துவிட்டேன். பட்டியலில் வேறு மனிதர் யாரும் மிச்சமில்லை.

போன செவ்வாய் மதிய இடைவேளையில் கிளினிக்கில் யாரும் இல்லாதபோது என் உதவியாளரைக் கூப்பிட்டு, என்னையே சோதிக்கச் சொன்னேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். முடித்துவிட்டு அவள் தாளை நீட்டினாள். "காது நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நான் ஒன்னும் அனுப்பாதப்ப ரெண்டு தடவ அழுத்திட்டீங்க."

"அழுத்தலையே."

"எல்லாரும் அப்படித்தான மேடம் சொல்வாங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் செய்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அதனிடம் பேசிப் பார்த்தேன். பெடலை ஒரு தடவை மிதித்துவிட்டுக் காத்திருந்தேன், இரண்டு வந்தது. மூன்று மிதித்தேன், இரண்டு. ஏழு மிதித்தேன், அதற்கும் இரண்டு. எதைக் கேட்டாலும் இரண்டே வார்த்தை பேசுகிற ஆள். புதன்கிழமை வரவில்லை. நான் எட்டரை வரை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன், சாப்பிடவில்லை, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டால் கோபமாக இருந்தது, வரவில்லையே என்று. வியாழக்கிழமை தும் தும் என்று வந்ததும் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும் அக்கா. பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்த முகம் அது. யாரோட பேசிட்டு உக்காந்திருக்க என்று கேட்டாயே, இதுதான் பதில். அதைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அதற்காகக் காத்திருக்கிறேனே, அதுதான் பயம். அதனால்தான் வருகிறேன். உன் வீட்டில் மிக்ஸி ஓடும், டிவி ஓடும், அத்தான் குறட்டை விடுவார். அந்தச் சத்தத்துக்கெல்லாம் ஆள் யார் என்று தெரியும்.

பின்னறையை எனக்காக ஒழிக்க வேண்டாம், ஒரு கட்டில் போடுகிற இடம் போதும். அத்தானின் உடம்புக்கும் உன் முழங்காலுக்கும் நல்லது நடக்கட்டும். உன் மகள் எந்த ஊரில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும். அவளிடம் இது எதையும் சொல்லாதே. உன் கையால் கதவைத் திறப்பாய் என்ற நம்பிக்கையில்,

உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: வேனை அனுப்ப வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். இன்று வெள்ளி. திங்கள் காலை தபாலில் போடப் படியிறங்கும்போது சர்வேயர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "மேடம், பகல்ல உங்க வீட்ல யாரு இருக்கா?" என்று அவர் கேட்டதில் இரண்டு மாடியிலும் கதவு திறந்தது. யாரும் இல்லை என்று கையைக் காட்டினேன். உள்ளே கூட்டிப் போனார். அவர் முன்னறைக் கூரையில், என் டிரம்ஸ் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாகச் சுண்ணாம்பு பெயர்ந்து கிடந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த நீளக் கம்புத் துடைப்பத்தின் நுனி வெள்ளையாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காது போன பிறகு அவர் மனைவி அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலால் உதைப்பாராம். மேஜையில் முழங்கையை ஊன்றிப் பேப்பர் படிப்பவர், மேஜை தூணை ஒட்டி இருக்கிறது, அதிர்வு முழங்கைக்கு வந்துவிடும். வர்றேன் வர்றேன் என்று பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவாராம். "ரெண்டு மாசமா மறுபடி கூப்பிடுறா. இப்ப மேல இருந்துதான கூப்பிடணும், அதான் கூரையில தட்டுறேன். சில நாள் அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோன்னு திரும்பத் திரும்பத் தட்டுவேன்" என்றார். நான் அவர் நோட்டில் எழுதிக் காட்டினேன்: அது நான். டிரம்ஸ். மாலை ஆறிலிருந்து ஏழு. படித்தார். நெடுநேரம் படித்தார். போன புதன்கிழமை எங்கே போயிருந்தீர்கள் என்றும் எழுதினேன். "கண் டாக்டர்கிட்ட" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காகிதத்தை நம்பி ஒரு செவிட்டு மனிதரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, இத்தனை நாளாகப் பேய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"சாயங்காலத்துது நீங்க. சரி. எனக்கும் தோணுச்சு, அவ இவ்வளவு நேரம் கூப்பிட மாட்டா, பாதியிலயே திட்டிட்டுப் போயிடுவா" என்றார். பிறகு தன் அளவைப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். தேதி, மணி, எத்தனை உதை, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. மாலை வரிகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தார். அடிக்காமல் நின்றவற்றில் விரலை வைத்தார். "அப்ப இந்தப் பதினொன்னே கால்?"

வாரநாட்கள் அக்கா. எல்லாம் நான் கிளினிக்கில் இருந்த நாட்கள். லேப்டாப் மூடியிருக்கும், பெட்டிக்குக் கரண்ட் இருக்காது. வீட்டுக்கு ஒரே சாவி, அது என் பையில் இருக்கும்.

நேற்று லீவு போட்டேன். டிரம்ஸின் கம்பிகளையெல்லாம் உருவிவிட்டு, பெடலைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே போனேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு பேரும் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொன்றே காலுக்கு வந்தது. மூன்று. என் காதுகள் இரண்டும் நல்ல காதுகள், சோதித்துப் பார்த்தவை. அவற்றில் எதுவும் விழவில்லை. முழங்கையில் மட்டும் தெளிவாக, ஆள் வைத்து எண்ணுகிற மாதிரி, மூன்று. அவர் நிமிரவே இல்லை. "வந்துட்டா" என்றார். மறுபடியும் மூன்று. எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்தவர் அதை என்னிடம் நீட்டினார். "தோள் வலிக்குது. இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

இரண்டு தட்டினேன். மேலே, பூட்டியிருந்த என் வீட்டில், அது நின்றது.

வீட்டு உரிமையாளரிடம் எதையும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. வருகிற திங்களிலிருந்து நாலு நாள் சர்வேயருக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இருப்பார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் உதவியாளரிடம் சொல்லி, பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெளியே வர ஏற்பாடு செய்துவிட்டேன். அந்த நேரத்துக்குக் கீழே யாராவது இருக்க வேண்டும் அக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இறங்கி வந்துவிடக் கூடாது.